பதினாறுக்குப் பத்து

கடற்கரை மணலைக்
குடிதண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான் மெல்கியோர்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஏழாவது குடத்தில் நான் கத்தினேன்.
"உப்பு இருந்தா வெடிச்சிரும்" என்றான்
நிமிராமல்.

களிமண் சக்கரக்கோட்டைக் கண்மாயிலிருந்து
தங்கச்சிமடம் வந்து சேர்ந்தது,
குட்டியானையில், இரண்டு தவளைகளோடு.
ஒரு பிடி எடுத்துக் கயிறாகத் திரித்து
என் விரலில் மோதிரமாகச் சுற்றிப் பார்த்தான்.
விரியவில்லை. நல்ல மண்.
அது உட்கார்ந்த இடத்தில்
அடகுக்குப் போனதன் வெளிறிய தடம் இருந்தது.
இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஐம்பத்திரண்டு நாள் யாழ்ப்பாணம் சிறையில் இருந்தவன்.
படகு இன்னும் மயிலிட்டியில்
வெயிலில் பலகை பிளந்து கிடக்கிறது.
வந்ததிலிருந்து அங்கே நடந்தது எதையும் சொன்னதில்லை.
கொண்டுவந்தது ஒரு சொல்:
போறணை.

அடுப்பா என்றேன்.
அடுப்பில்லை, போறணை. பாண் சுடுவது.
தவபாலன் என்று ஒருத்தர், சாவகச்சேரிக்காரர்,
வெளியே ரொட்டிக்கடை வைத்திருந்தவர்,
என்ன கேஸோ,
கரண்டிக் காம்பால் சுவரில் கீறிக் காட்டினாராம்.
கூரை பதினாறு அங்குலம் என்றால் வாசல் பத்து.
கூடினால் சூடு ஓடிவிடும்.
குறைந்தால் தீ மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கிழிந்த தார்ப்பாயில் மண்ணையும் வைக்கோலையும் போட்டு
இரண்டு பேரும் மிதித்தோம்.
கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில்
இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நின்றதில்லை.
அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணலைக் குவித்து, ஈரத் தினசரியால் போர்த்தி
அதன்மேல் மண்ணை அப்பி முடித்தபோது
மதில்மேல் இருதயமேரியின் தலை.
"கெபி கட்டுறீகளா? எந்த மாதாவுக்கு?"
பாண் மாதாவுக்கு என்றேன்.
மறுநாள் காலை
ஈர மேட்டின் முன்னால் ஒரு மெழுகுதிரி நின்றது.
கச்சான் அணைத்திருந்தது.

அதே கச்சான்தான் மண்ணை அவசரமாகக் காயவைத்து
விரல் நுழையும் வெடிப்பு விட்டது.
அப்பினோம். ஈரச் சாக்குப் போட்டோம்.
மறுபடி வெடித்தது, மறுபடி அப்பினோம்.

ஆறாம் நாள் உள்மணலைத் தோண்ட
என் கைதான் ஒல்லி என்று என்னை உட்காரவைத்தான்.
தோள்வரை உள்ளே விட்டேன், கன்னம் மண்ணில் ஒட்ட.
கடைசிக் கை மணலோடு டார்ச் அடித்தால்
உள்சுவரில் தங்கத்தின் விலை
இடவலம் மாறி அச்சாகியிருந்தது.

சீமைக்கருவேலம் இரண்டு மணி நேரம் எரிந்தது.
கூரை முதலில் கறுத்து, பிறகு தானே வெளுத்தது.
கடையில் ஈஸ்ட் இல்லை.
புளித்த பதநீர் இருந்தது, எங்கிருந்தென்று கேட்க வேண்டாம்.
கங்கை வாரி, ஈரத் துணியால் துடைத்து
மாவு உருண்டைகளை உள்ளே தள்ளினேன்.

கதவை அவன்தான் செய்திருந்தான்,
மீன்பெட்டிப் பலகையில், ஊறவைத்து.
அதைக் கையில் பிடித்தபடி நின்றான்.
தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.
"மூடு, சூடு போகுது."
"கொஞ்சம் திறந்தே இருக்கட்டுமே."
எனக்குப் புரிய நேரமானது.
பலகையை வாங்கி நானே மூடினேன்.

எவ்வளவு நேரம் என்றான்.
இருபது நிமிசம்.
"எண்ணுறேன்."
அதன் எதிரே குந்தி உட்கார்ந்து
ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினான்.
முந்நூறு வரை எண்களாகவே இருந்தன.
முந்நூற்று ஒன்று வர வேண்டிய இடத்தில்,
"சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுவாங்க" என்றான்.

மீதி எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.
ஆயிரத்து இருநூறு எப்போது தாண்டியதோ,
அடி கரியும் வாசனை வந்துதான்
கதவு நினைவு வந்தது.
பாய்ந்து அவனே திறந்தான்.

கரியைக் கத்தியால் சுரண்டி
சூடைக் கருவாட்டுக் குழம்பில் முக்கித் தின்றோம்.
அங்கே உள்ளதைவிடக் கல்லாக இருக்கிறது என்றான்.
இருதயமேரிக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன்,
கரியாத பக்கம் மேலே தெரிய.